ஐந்தாம் அத்தியாயம்: முந்திச் சொல்லும் சொல்

வாணி விழா முடிந்து, அவலும் சுண்டலும் கைமாறியாயிற்று. மண்டபம் இன்னும் ஒரு மணித்தியாலம் நம்முடையது. நாற்பது பேர் அளவில் நிற்கிறார்கள்: பரதம் பழகும் பிள்ளைகள் சிலர், அவர்களுடைய அம்மாமார், முழங்கால் நோவுள்ள அப்பம்மா ஒருவர், கைத்தொலைபேசியிலிருந்து தலை நிமிராத பெடியன்கள், வேலை முடிந்து நேரே வந்த சேர்ட்டோடு நிற்கும் அப்பாமார். "எல்லாருமாச் சேர்ந்து ஏதாவது ஆடுவம், நீங்கள் சொல்லித் தாங்கோ" என்று ஒருவர் கோல் மூட்டையை உங்கள் கையில் தருகிறார். அப்படி மாட்டிக்கொண்டவருக்கான அத்தியாயம் இது.

தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பழக்கும் குழு நடனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. அங்கே மாதக்கணக்கில் ஒத்திகை, முன்னால் நடுவர், மேடைக்கு ஒரு முகப்பு. இங்கே பார்ப்பவர் என்று எவரும் தனியாக இல்லை. வந்தவர் எல்லாரும் ஆடுபவர். பத்து நிமிடத்துக்குள் ஆட்டம் பிடிபட வேண்டும். ஆகவே சொல்லிக்கொடுப்பவரிடம் இரண்டு கைப்பழக்கம் இருந்தாக வேண்டும். கூட்டத்தைப் பார்த்ததும் அதற்கேற்ற ஆட்டத்தை எடுப்பது ஒன்று. தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடியைச் சொல்லிக்கொண்டு போவது மற்றது.

இந்த இரண்டாவதை ஒரு தனிக் கலையாக வளர்த்தவர்கள் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிக்காரர்கள். அவர்களுடைய கொன்ட்ரா ஆட்டத்தில் சோடிகள் இரண்டு நீள வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். இசைக்குழுவின் பக்கத்தில் ஒருவர் ஒலிவாங்கியோடு நின்று அடுத்தடுத்த அசைவை முன்கூட்டிச் சொல்வார். அதன் வேர் இங்கிலாந்தின் கிராமிய வரிசை ஆட்டங்கள். ஜோன் பிளேஃபோர்ட் 1651இல் இலண்டனில் அச்சிட்ட நூலில் இப்படிப்பட்ட ஆட்டங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. நியூ ஹாம்ப்ஷயர்க்காரரான ரால்ஃப் பேஜ் (1903–1985) போன்றவர்கள் ஆட்டம் சொல்வதையே வாழ்நாள் வேலையாகச் செய்தார்கள். நாங்கள் அந்த ஆட்டத்தை அப்படியே இறக்கத் தேவையில்லை. எங்களிடம் கோலாட்டமும் கும்மியும் வசந்தனும் இருக்கின்றன. ஆனால் முன்பின் தெரியாத ஐம்பது பேரைப் பத்து நிமிடத்தில் ஆட வைக்கும் அவர்களுடைய உத்தியைக் கட்டாயம் கடன் வாங்கலாம்.

ஆட்டத்தை இனங்காணல்

யாரோ ஒரு காணொளி அனுப்புகிறார், அல்லது ஒரு பாட்டி "நாங்கள் ஊரில இப்பிடி அடிப்பம்" என்று இரண்டு அடி காட்டுகிறார். உடையையும் பாட்டையும் மறந்துவிட்டு, முதலில் நிற்கும் அமைப்பைப் பாருங்கள்.

ஒற்றை வட்டமாக, எல்லாரும் நடுவைப் பார்த்துக் கைதட்டிக் குனிந்து நிமிர்ந்து சுற்றினால் அது கும்மி. ஒருவர் அடி எடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவதால் பாட்டே ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும். உள்வட்டம் வெளிவட்டம் என இரண்டாக, சோடி சோடியாக எதிர்த்து நின்றால் வட்டக் கோலாட்டம். மட்டக்களப்பு வசந்தனிலும் கோலோடு வட்டம்தான். பெரும்பாலும் சிறுவர்கள் ஆட, அண்ணாவியார் பாடி நடத்துவார். அதன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் திரட்டி 1940இல் பதிப்பித்தார். குஜராத்தித் தாண்டியாவில் இரண்டு நீள வரிசைகள் எதிரெதிர்த் திசையில் ஒவ்வொரு ஆளாக நகரும். ஓரத்துக்கு வந்தவர் திரும்பி மறு வரிசைக்குள் நுழைவார். நான்கு சோடி சதுரமாக நின்றால் அது லான்சர்ஸ் வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய விருந்து மண்டபங்களில் ஆடப்பட்ட அந்த ஆட்டத்தை மட்டக்களப்புப் பறங்கியர் இன்றுவரை கல்யாண வீடுகளில் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். களனி விகாரையின் துருத்துப் பெரஹெரா போன்ற ஊர்வலங்களில் வரும் சிங்களக் கோலாட்டமான லீ கெளியைப் பார்த்தவர்களுக்கு, நடந்துகொண்டே கோலடிக்கவும் முடியும் என்பது தெரிந்திருக்கும்.

அமைப்புக்கு அடுத்தது எண்ணிக்கை. பாட்டோடு சேர்ந்து எட்டு எட்டாக எண்ணுங்கள். அசைவு எட்டுக்குள் முடிகிறதா, எட்டைத் தாண்டி வழிகிறதா? வழிகிற ஆட்டத்தைப் புதியவர்களிடம் கொண்டுபோக வேண்டாம். கொன்ட்ரா முழுவதும் 64 எண்ணிக்கை; எட்டு எண்ணிக்கை கொண்ட சொற்றொடர் எட்டு. ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம் என்று சொன்னால் மிருதங்கம் பழகும் பிள்ளைக்கு உடனே விளங்கும். நம்முடைய கோலாட்டங்களுக்கு 16 அல்லது 32 போதும். கும்மிப் பாட்டு பலவும் திஸ்ர நடையில் துள்ளும். அயர்லாந்துக்காரரின் ஜிக் மெட்டும் பறங்கியரின் கபரிஞ்ஞாவும் அதே துள்ளல் குடும்பம். திஸ்ரத்தில் கால் தானாகத் துள்ளும், ஆனால் கோல் அடி பிந்தும். கோலுக்குச் சதுஸ்ர நடை நல்லது.

மூன்றாவது கேள்விதான் இந்த அத்தியாயத்தின் மையம்: சோடி மாறுமா, மாறாதா? மாறினால் யார் நகர்கிறார், யார் நிற்கிறார்?

வட்டக் கோலாட்டத்தில் வெளிவட்டம் மட்டும் ஓர் ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் புதிய சோடி. பன்னிரண்டு சோடி என்றால் பன்னிரண்டாவது மாற்றத்தில் பழைய முகம் திரும்ப வந்துவிடும். ஒருவரையொருவர் தெரியாத கூட்டத்துக்கு, உதாரணமாகத் தொடர்மாடியில் பத்து வருடம் குடியிருந்தும் லிஃப்டில் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு, இதைவிட நல்ல ஆட்டம் கிடையாது. கொன்ட்ரா வகையில் உங்கள் சோடி உங்களோடேயே வரும். எதிர்ப்படும் சோடிதான் ஒவ்வொரு சுற்றும் மாறும். தங்கச்சியின் கையை விடமாட்டேன் என்று நிற்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும், மனைவி பக்கத்தில் இருந்தால்தான் வருவேன் என்னும் அங்கிளுக்கும் அதுதான் தோது. கூச்சம் உள்ள கூட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே சோடியைப் பிரிப்பவர் இரண்டாவது ஆட்டத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.

யார் வந்திருக்கிறார்கள்

கூட்டத்தைப் பார்க்கும்போது கண் இயல்பாகவே நன்றாக ஆடக்கூடியவர்களிடம் போகும். அவர்கள் எப்படியும் ஆடிவிடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஓரத்தில் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை. தாளமில்லாமல் நடந்து பார்க்கும்போது அவர் இரண்டாவது நடையிலேயே பிடித்துக்கொள்ளக்கூடிய ஆட்டம் எதுவோ, அதை எடுங்கள். பரதம் பழகிய பிள்ளைகள் சலித்துப்போவார்கள் என்று பயப்பட வேண்டாம். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது: ஒரே இடத்தில் கூட்டமாக நிற்க விடாமல் வரிசைகளின் இரண்டு ஓரத்திலும் நிறுத்துங்கள். வரிசை ஆட்டம் குழம்புவது பெரும்பாலும் ஓரத்தில்தான்.

கை கோப்பது பற்றி ஒரு வார்த்தை. கொன்ட்ராவின் உயிர், சோடி ஒருவரையொருவர் பிடித்துச் சுழலும் சுழற்சி. கொழும்புத் தமிழ்க் குடும்பக் கூட்டத்தில் அதைக் கொண்டுவந்தால் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். அதற்காகச் சோர வேண்டியதில்லை. கோல் என்ற ஒன்று நடுவே இருப்பதால் மச்சாளும் அத்தானும், ரீச்சரும் மாணவனும், முன்பின் தெரியாத அன்ரியும் தம்பியும் கை படாமலே சேர்ந்து சுற்றலாம். கைகோத்துச் சுற்றும் எந்த அசைவையும் கோல் நுனிகளைச் சேர்த்துச் சுற்றுவதாக மாற்றலாம். இது சமாதானத்துக்குச் சொல்வதல்ல. கோல் சேர்க்கை வடிவாகவும் இருக்கும், தாளமும் காதில் விழும்.

ஆண் பெண் என்று பிரித்துச் சொல்வதும் வசதிப்படாது. மகளிர் மட்டும் வரும் நவராத்திரிக் கூட்டத்தில் பாதிப் பேரை "ஆம்பிளையள்" என்று அழைத்தால் சிரிப்பு வரும், ஆட்டம் நிற்கும். அமெரிக்காவிலும் பல இடங்களில் இப்போது அதை விட்டுவிட்டு, இடப்பக்கம் நிற்பவரை லார்க் என்றும் வலப்பக்கம் நிற்பவரை ரொபின் என்றும் பறவைப் பெயரால் அழைக்கிறார்கள். எங்களுக்கு இரண்டு நிற ரிபன் போதும். மணிக்கட்டில் மஞ்சள் ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை.

ஒரு மாதிரி ஆட்டம்

முதல் தடவை சொல்லிக்கொடுப்பவருக்காக இங்கே ஒரு வரிசைக் கோலாட்டத்தை முழுதாகத் தருகிறேன். 32 எண்ணிக்கை, ஆதி தாளம் நாலு ஆவர்த்தனம். மஞ்சள் வரிசையும் சிவப்பு வரிசையும் எதிரெதிரே, இடைவெளி நாலைந்து அடி. பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் மூன்றடி. எட்டுச் சோடி என்றால் இருபத்துநான்கு அடி நீளம் போதும். மேடைப் பக்கம் "மேல்", வாசல் பக்கம் "கீழ்". மேலிருந்து இரண்டிரண்டு சோடியாகப் பிரித்து, நாலு பேராகக் கோல் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாலிலும் மேலே நிற்பது ஒன்றாம் சோடி, கீழே நிற்பது இரண்டாம் சோடி. இந்த ஒரு விஷயம் தெளிவாகாமல் தாளத்தைத் தொடங்க விடாதீர்கள்.

முதல் எட்டு: நின்ற இடத்திலேயே. தன் கோல், எதிர் வலம், தன் கோல், எதிர் இடம். அதையே இன்னொரு தரம்.

இரண்டாம் எட்டு: நாலு பேரும் வலக்கோல் நுனிகளை நடுவில் சேர்த்து, எட்டு நடையில் ஒரு முழுச் சுற்று.

மூன்றாம் எட்டு: திரும்பி, இடக்கோல் நடுவில், வந்த வழியே ஒரு முழுச் சுற்று. எல்லாரும் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

நாலாம் எட்டு: முதல் நாலு எண்ணிக்கைக்குத் தன் சோடியோடு வலம் இடம் வலம் இடம் என்று அடி. அடுத்த நாலு எண்ணிக்கையில் ஒன்றாம் சோடி வரிசைகளின் நடுவால் கீழே போகும். இரண்டாம் சோடி வெளியால் மேலே போகும். இப்போது எல்லாருக்கும் எதிரே புதிய நாலு.

ஓரத்துக்கு வந்த சோடிக்கு எதிர்ச்சோடி இருக்காது. அவர்கள் ஒரு சுற்று சும்மா நின்று தங்களுக்குள் கோலடித்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த சுற்றில் எண்ணை மாற்றிக்கொண்டு உள்ளே வர வேண்டும்: கீழே போய்ச் சேர்ந்த ஒன்றாம் சோடி இனி இரண்டாம் சோடி, மேலே போய்ச் சேர்ந்த இரண்டாம் சோடி இனி ஒன்றாம் சோடி. எட்டுச் சோடி வரிசையில் எட்டுச் சுற்று ஓடினால் ஒவ்வொரு சோடியும் மற்ற ஏழு சோடியையும் ஒருதரம் சந்தித்திருக்கும், ஒருதரம் ஓரத்தில் ஆறியும் இருக்கும். நிமிடத்துக்கு 96 அடி வேகத்தில் ஒரு சுற்று 20 விநாடி. எட்டுச் சுற்று 2 நிமிடம் 40 விநாடி. இரண்டு தரம் ஓட்டினால் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். பெரியவர்கள் உள்ள கூட்டத்தில் அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

முதல் எட்டை நின்ற இடத்திலேயே அடிக்கும்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. வழி தவறியவர் எவராயினும், "உங்கட சோடியைப் பாருங்கோ" என்ற ஒரு சொல்லில் மறுபடி ஏறிக்கொள்ள ஒரு படி அங்கே இருக்கிறது. நீங்களே ஆட்டம் கட்டும்போதும் 32க்குள் ஓர் இடத்திலாவது இப்படி எட்டு எண்ணிக்கை நிற்க விடுங்கள்.

எப்போது சொல்வது

பழக்குபவர்கள் பலர் அசைவு தொடங்கும் அடியிலேயே "இப்ப வலக்கோல்!" என்று கத்துவார்கள். காதில் விழுந்து, விளங்கி, கால் எழ இரண்டு மூன்று எண்ணிக்கை போய்விடும். கூட்டம் முழுவதும் தாளத்துக்குப் பின்னால் இழுபடும். ஆடுபவர்கள் மந்தம் என்று அவர்களைக் குறை சொல்வோம். குற்றம் சொல்லில் இருக்கிறது. முந்தைய எட்டின் ஐந்தாம் எண்ணிக்கையில் தொடங்கி எட்டாம் எண்ணிக்கையில் உங்கள் சொல் முடிந்துவிட வேண்டும். அடுத்த ஒன்று விழும்போது அவர்களுடைய கால் விழும், உங்கள் வாய் மூடியிருக்கும். 96 வேகத்தில் நாலு எண்ணிக்கை என்பது இரண்டரை விநாடி, தாராளமான நேரம். கொன்ட்ராக்காரர் நிமிடத்துக்கு 116 அடி போலப் போவார்கள். அவர்களுக்கு இரண்டு விநாடிதான்.

வீட்டில் இதைத் தனியே பழகலாம். தாளம் போட்டுக்கொண்டு "ஒன்று இரண்டு மூன்று நாலு, வலக்—கோல்—நடு—வே" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு முதல் நாலை மனதுக்குள் எண்ணி, சொல்லை மட்டும் வெளியே விடுங்கள். நாலாம் எட்டில் பாதியில் அசைவு மாறுவதால் அங்கே மட்டும் சொல் ஒன்றிலேயே தொடங்கிவிடும்: கோலடி நடந்துகொண்டிருக்கும் நாலு எண்ணிக்கையில் "நடு—வால் கீ—ழே" என்று முடித்துவிட வேண்டும். மாதிரி ஆட்டத்தில் சொல்பவர் தடுமாறும் இடம் இது ஒன்றுதான்.

சொல்லை வினையில் முடிக்காமல் இடத்தைச் சொல்லி முடியுங்கள். "வலக்கோல் நடுவே", "இடக்கோல் நடுவே", "நடுவால் கீழே". "போ" என்றால் அப்பம்மாவுக்கு மரியாதை இல்லை; "போங்கோ" என்றால் ஓர் எண்ணிக்கை கூடிவிடும், ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது பொருந்தாது. வினையே இல்லாவிட்டால் எல்லா வயதுக்கும் ஒரே சொல். விளக்கும்போது தாராளமாக "வாங்கோ அன்ரி, இஞ்சால நில்லுங்கோ" என்று கதையுங்கள். தாளம் தொடங்கியபின் எலும்பு மட்டும்.

வலமும் இடமும் குழம்புகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. வட்டமாக நடந்தால் எனக்கே சில வேளை குழம்பும். ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் இன்னும் மெதுவாகத்தான் ஏறும். வெள்ளவத்தையில் இதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒழுங்கைகளில் வாழ்கிற யாருக்கும், மண்டபத்துக்குள் கண்ணைக் கட்டி விட்டாலும் கடல் எந்தப் பக்கம் என்று தெரியும். "மஞ்சள் கடல் பக்கம், சிவப்பு காலி வீதிப் பக்கம்" என்றால் ஒருவரும் திரும்பிக் கேட்கமாட்டார்கள். 57ஆம் ஒழுங்கையில் உள்ள தமிழ்ச் சங்க மண்டபத்திலும் இதே திசைதான் உதவும். கொட்டாஞ்சேனையில், விவேகானந்த மேட்டுப் பக்கம், மேடை என்றும் வாசல் என்றும் சொல்வது மேல். வேறு எங்கே என்றாலும் முதலில் மண்டபத்துக்குள் சுற்றிப் பார்த்து, எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும் இரண்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சாமிப் படம், சமையலறைக் கதவு.

தாளமில்லாமல் ஒருதரம் நடக்கவிடுங்கள். எல்லாரும் சேர்ந்து நடக்க வேண்டும்; நாலு பேரை நடுவில் ஆட விட்டு மற்றவர்கள் பார்ப்பது நேரத்தைத் தின்னும். பார்த்தது கண்ணில் நிற்கும், காலுக்கு இறங்காது. முதல் நடை முடியும்போது எல்லாரும் புதிய நாலுக்கு முன் நிற்பார்கள். திரும்பப் பழைய இடத்துக்கு அனுப்பாமல் அங்கிருந்தே இரண்டாவது நடை. மூன்றாவது நடை கேட்டால் நீங்கள் எடுத்த ஆட்டம் அந்தக் கூட்டத்துக்குப் பெரிது என்று அர்த்தம். கூச்சப்படாமல் சின்ன ஆட்டத்துக்கு மாறுங்கள்.

தாளம் தொடங்கி முதல் மூன்று சுற்றுக்கு முழுச் சொல். நாலாவதில் "வலக்கோல்", "இடக்கோல்" என்று பாதி. ஆறாவதில் வாயை மூடுங்கள். சொல்பவருக்கு மிகக் கடினமான பாடம் இதுதான்; கூட்டம் வடிவாக ஆடும்போதுதான் இன்னும் கொஞ்சம் பேசவேண்டும் போல இருக்கும். ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி நாலைப் பாருங்கள். அங்கே யாராவது தடுமாறினால் அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுங்கள். முடிப்பதற்கு இரண்டு சுற்று முன்னரே தாளக்காரருக்குக் கை காட்டிவிட்டு, "இன்னும் ரெண்டுதான்" என்று சொல்லுங்கள்.

குழம்பிவிட்டால் திரும்பப் பழைய அடிக்குப் போக விடாதீர்கள். தவறிய சுற்று தவறியதுதான். "கோலடி, சோடியைப் பாருங்கோ" என்று அடுத்த முதல் எட்டில் எல்லாரையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவரைப் பெயர் சொல்லித் திருத்த வேண்டாம். அவர் அடுத்த ஆட்டத்துக்கு வரமாட்டார்.

தாளம், தரை, மின்விசிறி

ஒரு குரலும் ஒரு மிருதங்கமும் இருந்தால் அதைவிட வேறு தேவையில்லை. ஜால்ரா மட்டும் இருந்தாலும் ஆடலாம். சினிமாப் பாட்டை ஓடவிடுவதானால் முதலில் கடைசிவரை எண்ணிப் பாருங்கள். நடுவில் வரும் இசைத்துண்டு எட்டுக்குள் அடங்காமல் நாலு எண்ணிக்கை மிஞ்சினால் 32 முழுவதும் சரிந்துவிடும். தவில் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் தவில்காரரோடு முன்னமே கதைத்துக்கொள்ளுங்கள்: நேர் ஆதி தாளம், கோர்வை வேண்டாம், குறைப்பு வேண்டாம். அவர் சுவைபட வாசிக்கத் தொடங்கினால் ரசிக்கலாம், ஆட முடியாது.

வெள்ளவத்தையில் கடலோர ரயில் போகும்போது உங்கள் குரல் கேட்காது. அதற்காகக் கத்தாமல், கையால் காட்டும் மூன்று சைகையை விளக்கத்தின்போதே பழக்கிவிடுங்கள்: வலக்கை மேலே, இடக்கை மேலே, இரண்டு கையும் கீழ்நோக்கி.

கோல் 14 அங்குலம் அளவில் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஓரடி. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு விட்டுப் பிடிக்க வேண்டும். நுனிப் பாகம்தான் எதிர்க்கோலில் படும். பெரியவரும் பிள்ளையும் சோடியானால் பிள்ளையின் தோள் உயரத்தில் அடி, பெரியவர் குனிய வேண்டும். கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்லுங்கள். பளிங்குத் தரையில் காலுறையோடு ஆட விடாதீர்கள். மழைக்காலத்தில் வாசலில் ஈரம் சொட்டும் குடைகளைத் தள்ளி வையுங்கள்.

பின்னல் கோலாட்டம் கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு. கயிற்றை மின்விசிறிக் கொக்கியில் கட்டும் யோசனை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மரக்கம்பமும் பாரமான அடிக்கட்டையும் இல்லாவிட்டால் அதை அன்றைக்கு விட்டுவிடலாம். ஆட்கள் இரட்டைப்படை: எட்டு, பன்னிரண்டு, பதினாறு. ஒற்றை எண் நிற்பவர்கள் வலஞ்சுழி, இரட்டை எண் நிற்பவர்கள் இடஞ்சுழி. வலஞ்சுழியார் எதிர்ப்படுபவரை முதலில் உள்ளால் கடக்க வேண்டும், அடுத்தவரை வெளியால், பிறகு உள்ளால். எத்தனை பேரைக் கடந்தார்கள் என்று சொல்பவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்; அன்றைக்கு உங்கள் வேலை முழுக்க அந்த எண்தான். இரட்டைப்படையில் நிறுத்துங்கள். அவிழ்க்கும்போது எல்லாரும் திரும்பி நின்று, முதலில் உள்ளால் போனவர்கள் இப்போது முதலில் வெளியால். அதே எண்ணிக்கை முடியும்போது கயிறு சுத்தமாகப் பிரிந்திருக்கும். ஒருவர் ஓரிடத்தில் மாறிக் கடந்தால் போதும், முடிச்சு விழும். அவிழ்க்க அரை மணித்தியாலம். ஆகவே இது பழகிய குழுவுக்கு மட்டும், மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில்.

அட்டை

கொன்ட்ரா சொல்பவர்கள் சட்டைப்பையில் சின்ன அட்டைக் கட்டு ஒன்று வைத்திருப்பார்கள், ஓர் ஆட்டத்துக்கு ஓர் அட்டை. நீங்களும் தபாலட்டை அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். மேலே ஆட்டத்தின் பெயர், அமைப்பு, குறைந்தது எத்தனை சோடி, வேகம். நடுவில் எட்டெட்டாக நாலு வரி, ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் வாயால் சொல்லப்போகும் சொல் மட்டும். கீழே சிவப்பு மையில் இடறும் இடம். மேலே சொன்ன ஆட்டத்துக்கு அது "நாலாம் எட்டு பாதியில், ஓரத்தில் எண் மாற்றம்".

ஒரு மணித்தியாலத்துக்கு ஐந்து அட்டைக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள். கும்மியில் தொடங்குங்கள், அதற்கு நீங்களே தேவையில்லை, நல்ல குரல் ஒன்று போதும், அதற்குள் கூட்டத்தை அளந்துவிடலாம். அடுத்தது சோடி மாறாத ஒரு வரிசை, பிறகு வட்டக் கோலாட்டம். அதற்குள் களைத்தவர்கள் இருந்துவிடுவார்கள், நிற்கிறவர்களுக்குக் கொஞ்சம் கடினமானது ஒன்று. ஐந்தாவது அட்டை, எல்லாரையும் மறுபடி எழுப்பக்கூடிய மிகச் சுலபமானதாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்: எந்த மண்டபம், எத்தனை சோடி, எத்தனை நடை தேவைப்பட்டது, எந்தச் சொல் விளங்கவில்லை. "கடல் பக்கம் சரி. 'வெளியால் மேலே' மூன்றாம் சுற்றுவரை ஒருவருக்கும் விளங்கவில்லை. அடுத்தமுறை 'இரண்டாம் சோடி, மேடை' என்று மாற்று."